நான் தேங்காய் திருவிய வீடியோவுக்குக் கீழே

அன்றைக்கு எங்கள் குசினியில் நின்றவர்கள் நாலு பேர். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்த நான். பள்ளிக்கூட ஓட்டம் முடித்து, ஓட்டோவை வேம்புக்குக் கீழே விட்டுவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்த என் மனைவி. வாசற்படியில் புத்தகத்தோடு இருந்த, உயர்தரம் படிக்கிற எங்கள் மகள். நல்லூர்த் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்து ஒரு மாதம் முந்தியே வந்து எங்களோடு தங்கியிருந்த மனைவியின் தம்பி, கையில் போனோடு. வேறு ஒருவரும் இல்லை. பின்னேரம் பார்த்தால், தமிழ் கதைக்கிற சனம் முழுக்க அந்தக் குசினிக்குள் வந்து நின்று என்னைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது.

மச்சானுக்குப் பேஸ்புக்கில் ஒரு வீடியோச் சனல் இருக்கிறது. ஊருக்கு வந்தால் கிணறு, பனங்காணி, மாட்டுக்கொட்டில் என்று எடுத்துப் போடுவான். அன்றைக்கு எடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

"அத்தான், நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ. நான் சும்மா எடுக்கிறன்."

"தேங்காய் திருவிறதை ஆர் பாக்கப்போகினம்?"

"கனடாவிலை எல்லாரும் பக்கற்றுத் தேங்காய்ப்பால்தான் அத்தான். இதைக் கண்டால் அழுவினம்."

திருவினேன், பிழிந்தேன், முதற்பாலைச் சொதியில் விட்டேன். மனைவிக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். அவ சாப்பிட்டு எழும்ப, சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன். எல்லாம் தினம் செய்கிற வேலைதான்.

"அக்கா, எப்பவும் அத்தானோ சமையல்?" என்று கேட்டான்.

"ஓம். நான் சமைச்சால் நாயும் தின்னாது," என்றா மனைவி. எல்லோரும் சிரித்தோம். பிறகு அவன் போனை வெளியே திருப்பி, "இதுதான் அக்காவின்ரை ஓட்டோ. பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்துறவ," என்று அதையும் காட்டிவிட்டு நிறுத்தினான்.

எங்கள் வீட்டில் இப்படி ஆனதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. நான் நீர்வேலியில் குத்தகைக் காணியில் வாழை வைத்தவன். வாழை வைக்கிறவனுக்கு மண்ணும் தண்ணீரும் இருந்தால் போதாது, நெஞ்சிலே கொஞ்சம் துணிவும் வேணும். எனக்கு அது இல்லை. பலத்த காற்று வரலாம் என்று வானொலியில் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. காற்று வராமல் போனால், நாளைக்கு வரும் என்று யோசிப்பேன். மூன்று வருசத்தில் வாழையைவிட நான்தான் கூட மெலிந்தேன். பிறகு லீசிங்கில், மாதாமாதம் கட்டுகிற கடனுக்கு, ஒரு ஓட்டோ எடுத்தோம். அதை ஓடப் பழகியவனும் நான்தான். சந்தி வந்தால் நாலு பக்கத்து வாகனமும் போய் முடியட்டும் என்று நிற்பேன். புத்தூர்ச் சந்தியில் ஒருநாள் பின்னால் இருந்த ஐயா இறங்கி, "தம்பி, நான் நடந்து போறன். நீர் ஆறுதலா வாரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பின்னேரம் மனைவி சொன்னா: "இஞ்சாருங்கோ, நீங்கள் வீட்டைப் பாருங்கோ. நான் றோட்டைப் பாக்கிறன்."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு கிழமையில் ஓடப் பழகினா. ஆறு வருசமாகிறது. ஆறு பொம்பிளைப் பிள்ளைகளை எங்கள் பக்கத்திலிருந்து நல்லூரடிப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குகிறா. பொம்பிளை ஓடுகிற ஓட்டோ என்றுதான் தாய்மார் நம்பி விடுகிறார்கள். அந்த ஓட்டம் இருக்கிறபடியால்தான் லீசிங் கட்டுப்படுகிறது. ஓட்டம் குழம்பினால் ஓட்டோவைக் கொண்டுபோய் விடுவார்கள். இதை நான் தினமும் ஒருக்கால் யோசிப்பேன், காலமைத் தேத்தண்ணி குடிப்பது மாதிரி.

அந்தப் பின்னேரம் மச்சான் போனைக் கொண்டுவந்து காட்டினான். "அத்தான், ஓடுது! பிச்சுக்கொண்டு ஓடுது!"

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். அந்த வருசம் நாங்கள் இடம்பெயர்ந்தோம், பிறகு திரும்பிப் போகவில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்றதும், கொத்தமல்லிக்குள் கல்லுப் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாய்ப் பார்க்க வெளிக்கிட்டேன்.

முதலாவது, "அருமை அண்ணை, வாழ்க." சரி. இரண்டாவது, "தேங்காய் திருவிற கையைப் பாத்தாலே தெரியுது, நல்லாப் பழக்கி வைச்சிருக்கிறா." மூன்றாவது, "சீதன வீட்டிலை இருக்கிறவன் கோப்பை கழுவத்தானே வேணும்." அது எனக்குக் கொஞ்சம் பட்டது. வீடு மனைவியின் சீதனம்தான். ஆனால் எங்கள் ஊரில் ஆருடைய வீடு சீதன வீடு இல்லை? எழுதினவரும் மாமனார் கட்டின கூரைக்குக் கீழே இருந்துதான் எழுதியிருப்பார்.

அதற்குக் கீழே இன்னொருவர்: "கழுவினால் என்ன, கை தேயுமோ?" அதற்கு முதலாமவர்: "உமக்கும் உதுதான் வேலை போலை." அதற்கு லண்டனிலிருந்து ஒரு பொம்பிளை: "லண்டனிலை எல்லா ஆம்பிளையளும் செய்யினம், ஊருக்குப் போனால் மட்டும் கதிரையிலை இருந்து தேத்தண்ணி கேக்கினம்." அதற்கு முப்பது பேர் சிரிப்பு. நோர்வேயில் இருந்து ஒருவர் எல்லோருக்கும் கடைசியாய், ஒருவரும் காணக்கூடாது என்பது மாதிரி, எழுதியிருந்தார்: "நானும் சமைக்கிறனான். வீடியோ எடுக்கிறேல்லை."

சில கொமென்ற்றுகள் இங்கிலிசு எழுத்தில் தமிழாய் இருந்தன. அவற்றை என்னால் வாசிக்க ஏலாது. மகளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இது என்ன போட்டிருக்கு?"

"சூப்பர் அண்ணா எண்டு போட்டிருக்கு, அப்பா."

"இது?"

"இதுவும் அப்பிடித்தான். சூப்பராம்."

அந்தக் கொமென்ற் நாலு வரி நீளம். அவ போனைத் தந்துவிட்டுப் படிக்கப் போனா. படிக்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. என் பிள்ளை எனக்காகப் பொய் சொல்கிற வயதுக்கு வந்துவிட்டா என்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் பொய்யில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்த நாட்களில் சமையலுக்கு நடுவே அதுவே வேலையாய்ப் போனது. பருப்பு அவிகிற நேரத்தில் பத்துக் கொமென்ற். ஒரு விசயம் கண்டுபிடித்தேன். தங்கள் படத்துக்குப் பதிலாகச் சாமிப் படம் வைத்திருப்பவர்கள்தான் கூடத் திட்டுகிறார்கள். பூப்படம் வைத்திருப்பவர்கள் அதற்கு அடுத்தபடி. சொந்த முகத்தைப் போட்டவர்கள் கொஞ்சம் யோசித்து எழுதுகிறார்கள்.

இரண்டு பேர் மூன்று நாளாய் விடாமல் சண்டை பிடித்தார்கள். ஒருவர், பொம்பிளைகள் உழைக்க வெளிக்கிட்டபடியால்தான் குடும்பம் குலையுது என்று. மற்றவர், உழைக்காமல் பட்டினி கிடந்தால் குடும்பம் குலையாதோ என்று. ஆண் எதற்குப் பிறந்தான், பெண் எதற்குப் பிறந்தாள் என்று சுழன்றடித்தார்கள். நான் காலமை எழும்பியதும் முதலில் அவர்களைத்தான் பார்ப்பேன், ஆர் என்ன சொல்லியிருக்கிறார் என்று. மூன்றாம் நாள் ஒருவர் கேட்டார்: "நீர் உப்பிடிக் கதைக்கிறீர், எந்த ஊர்?" மற்றவர், "புத்தூர்." "அட, புத்தூரிலை எங்கை?" பிறகு பார்த்தால் இவருடைய தகப்பனும் அவருடைய தகப்பனும் ஒரே கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவர்களாம். "அப்பா சுகமோ?" "போன வருசம் காலமாயிட்டார்." "ஐயோ, தெரியாமல் போச்சே." அதோடு சண்டை முடிந்தது. ஆணும் பெண்ணும் எதற்குப் பிறந்தார்கள் என்பது முடிவாகவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாயும் இருந்தது.

மனைவி ஒன்றும் வாசிப்பதில்லை. நான் வாசித்துக் காட்டப் போனால், "எனக்கு என்னத்துக்கு? உவையோ எனக்குப் பெற்றோல் அடிக்கினம்?" என்பா.

ஆனால் ஒரு கொமென்ற்றை மட்டும் நான் அவவுக்குக் காட்டாமல் இருந்தேன். "புருசனை அடக்கி வைச்சிருக்கிற மனிசி, உவவின்ரை ஓட்டோவிலை போற பொம்பிளைப் பிள்ளையள் என்னத்தைப் பழகுங்கள்?" அதற்குக் கனபேர் பெருவிரல் தூக்கி லைக் போட்டிருந்தார்கள். வாசித்த உடனே, இதாலே ஓட்டம் குழம்பப்போகிறது என்று நினைத்தேன். நான் எப்பவும் இப்படி நினைக்கிறவன், நூறில் தொண்ணூறு தரம் ஒன்றும் நடப்பதில்லை. இந்த முறை நடந்தது.

எங்கள் ஒழுங்கை முடிவு வீட்டில், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடுகிற ஒரு இளம் தாய் இருக்கிறா. அவவின் இரண்டு பெட்டைகளும் எங்கள் ஓட்டோவில்தான் போகிறவர்கள். புருசன் சுவிசில். மாதம் பாதியில் ஒரு புதன்கிழமை அவவிடமிருந்து மனைவிக்குக் குரல் செய்தி வந்தது.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. நாளையிலையிருந்து பிள்ளையள் வரமாட்டினம். அவர் வீடியோவையும் அதுக்குக் கீழை எழுதினதையும் பாத்திட்டார். வீடியோவுக்காகக் குடும்பமா நடிக்கிற ஆக்களோடை வேண்டாமெண்டிட்டார். நான் என்ன செய்ய, அக்கா?"

ஆறில் இரண்டு போனால் நாலு. மற்றத் தாய்மாருக்கும் இது எட்டாமல் இருக்குமோ? நாலு இரண்டாகும். அதற்குப் பிறகு லீசிங்காரர் வருவார்கள். நான் அந்த இடத்திலேயே ஓட்டோவைக் கொண்டுபோகிற லொறியைக் கண்டுவிட்டேன், அதன் நிறம் கூட.

"மச்சான், உந்த வீடியோவை அழி," என்றேன்.

"அத்தான், இப்பத்தானே சூடு பிடிச்சிருக்கு..."

"அழிக்க வேண்டாம்," என்றா மனைவி. "அழிச்சால் நாங்கள் ஏதோ களவெடுத்த மாதிரி. நீங்கள் சோறு போட்டனீங்கள், நான் சாப்பிட்டனான். இதிலை மறைக்க என்ன கிடக்கு?"

அடுத்த நாள் காலமை வழமையான நேரத்துக்கு நாலு பிள்ளைகளோடு வெளிக்கிட்டா. ஒழுங்கை முடிவில் அந்த வீட்டைத் தாண்டும்போது ஹோண் அடித்துவிட்டுப் போனா. ஏன் என்று கேட்டேன். "பழக்கம்," என்றா.

இரண்டு கிழமை கழித்து எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அன்னதானம். எங்களிடத்தில் ஒரு முறை இருக்கிறது. காலமை பெண்கள் வந்து மரக்கறி வெட்டிக் கொடுப்பார்கள். அடுப்பில் நிற்பது ஆண்கள் மட்டும். வீட்டில் ஒரு தேத்தண்ணி போடாதவனும் அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய சமையல் கிடாரத்துக்கு முன்னால் நிற்பான். அதை ஒருவரும் பொம்பிளை வேலை என்று சொல்லமாட்டார்கள், தொண்டு என்பார்கள். நான் வருசா வருசம் போகிறவன்தான். அந்த வருசம் போக எனக்குக் கால் வரவில்லை. அங்கே நிற்கிற எல்லோரும் வீடியோ பார்த்தவர்கள்.

"போங்கோ," என்றா மனைவி. "போகாட்டில்தான் கதைப்பினம்."

போனேன். ஒருவர் சிரித்தார். "அண்ணை, அந்த வீடியோவுக்கு நான் சிரிப்புப் போட்டனான். கை தட்டுப்பட்டது, கோவியாதையுங்கோ." கை தட்டுப்பட்டு ஆரும் சிரிப்புப் போடுவதில்லை. ஆனாலும் அவர் நேரே சொன்னது பிடித்திருந்தது. எனக்குப் பூசணிக்காய்க் கறி தந்தார்கள். மச்சான் போனோடு வந்து, நேரலையாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டு எல்லா அடுப்பையும் சுற்றினான். இடைக்கிடை வந்து கொமென்ற்றை வாசித்தான்: "அத்தான், இதைக் கேளுங்கோ. 'ஆம்பிளையள் சமைச்சால் அது தனி ருசி.' இன்னொண்டு, 'உதுதான் எங்கடை ஆம்பிளையளின்ரை கம்பீரம்.'"

அதே கைதான், அதே அகப்பைதான். குசினியில் அடக்கி வைக்கப்பட்டவன், கோயிலில் கம்பீரமாகிவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில்தான் என் கவனம் போயிருக்க வேண்டும்.

கறி கொதித்து இறங்குகிற நேரம். பால் வற்றி வந்திருந்தது. நான் அகப்பையால் கொஞ்சம் எடுத்தேன், இடது உள்ளங்கையில் ஊற்றினேன், நாக்கில் வைத்தேன். உப்புக் கொஞ்சம் குறைவு என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தால், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மச்சானின் போனும் பார்த்தது.

படையலுக்கு எடுத்து வைக்க முந்தி, கடவுளுக்குப் படைக்கிற எதையும் ருசி பார்க்கக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோயிலில் உப்பைக் கண்ணளவாலும் கையளவாலும்தான் பார்ப்பது. எனக்கும் அது தெரியும், இத்தனை வருசமும் பிழைவிட்டதில்லை. ஆனால் முந்தி கோயிலில் நிற்கிறபோது கவனம் முழுக்க அடுப்பில்தான் இருக்கும். அன்றைக்கு அது சிரிப்பில் இருந்தது, நானோ ஆறு வருசமாய்த் தினமும் மூன்று வேளை உப்புப் பார்க்கிறவன். கை தன்பாட்டில் போய்விட்டது.

சமையலுக்குப் பொறுப்பாய் நின்ற பெரியவர் தலையில் கை வைத்தார். "எடேய்! என்ன வேலை பாத்தனீ? பூசைக்கு முக்கால் மணித்தியாலம்தான் கிடக்கு!"

எனக்கு நாக்கை உள்ளே இழுக்கவும் தெரியவில்லை. அந்த நேரம் மரக்கறி வெட்டுகிற பெண்களின் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, பொத்தவும் ஏலாமல், குலுங்கிக் குலுங்கி ஒரு சிரிப்பு. பார்த்தால், ஒழுங்கை முடிவுத் தங்கச்சி.

"உமக்கென்ன சிரிப்பு, பிள்ளை?" என்றார் பெரியவர்.

"இல்லை, ஐயா... நான் நிண்டாலும் உதைத்தான் செய்திருப்பன். தினம் அடுப்படியிலை நிக்கிற கை அப்பிடித்தான் போகும். உங்கடை கையளுக்குப் பழக்கம் இல்லை, அதாலை பிழைவிடுறேல்லை."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆண்கள் சிலரும். சிரிக்காத ஒருவர், தன் கையை ஒருக்கால் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்தார்.

"பகிடி விடுறதை விட்டிட்டு இன்னொரு பூசணிக்காயை வெட்டுங்கோ," என்றார் பெரியவர். படையலுக்கு மட்டும் புதிதாய் ஒரு சின்னச் சட்டியில் சமைப்பது என்று முடிவானது. நான் மெல்ல வேலிப்பக்கம் விலகப் பார்த்தேன்.

"எங்கை போறாய்? நீதானே கெதியாச் சமைக்கிறனீ. வா, கிண்டு. ஆனால் இதைக் கட்டு." தோளில் கிடந்த தன் துவாயை எடுத்து என் வாயைச் சுற்றித் தானே இறுக்கிக் கட்டினார்.

அப்படித்தான் கடவுளுக்கு அன்றைக்குப் பூசணிக்காய்க் கறி வைத்தேன், மாட்டுக்கு வாய்க்கூடை கட்டின மாதிரி வாயைக் கட்டிக்கொண்டு. தங்கச்சி வெட்டிக் கொண்டுவந்து கொட்டினா. "அண்ணை, உப்பு ரெண்டு கரண்டி போதும்," என்று மெதுவாய்ச் சொல்லிவிட்டுப் போனா. பூசை பத்து நிமிசம்தான் பிந்தியது. முதற் கறியைப் பிறகு சனத்துக்குப் பரிமாறினார்கள். உப்புக் குறைவென்று ஒருவரும் சொல்லவில்லை. குறைவுதான்.

வீட்டுக்கு வந்து, துணிவை வரவழைத்துக்கொண்டு, கொமென்ற்றைப் பார்த்தேன். பெரிய போர். எச்சில் பண்ணிவிட்டான், தெய்வக் குற்றம் என்று சாமிப் படக்காரர்கள். தெரியாமல் பட்டதுக்குக் குற்றமில்லை என்று இன்னொரு சாமிப் படம். சமைத்தவன் ஆணோ பெண்ணோ என்ற கதையை எல்லோரும் மறந்துபோனார்கள். ருசி பார்ப்பது, மணந்து பார்ப்பது, ஆவி முகத்தில் படுவது, எது எது எச்சில் என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: "முதல் வீடியோவை நடிப்பெண்டு நினைச்சன். இந்த மனிசன் உண்மையாத்தான் வீட்டிலை சமைக்கிறார்." அதை நானே எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தேன். இந்தக் கொமென்ற்றுகளால் எனக்குக் கிடைத்த ஒரு லாபம், வாசிப்பு ஓடத் தொடங்கியதுதான்.

ஞாயிறு பின்னேரம் தங்கச்சி எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தா. மனைவி ஓட்டோ கழுவிக்கொண்டிருந்தா. நான் உள்ளே நின்று, யன்னலால் எல்லாவற்றையும் கேட்டேன்.

"அக்கா, நாளைக்குப் பிள்ளையள் வரலாமோ?"

"அவர் என்ன சொல்லுறார்?"

"அவரும் நேரலை பாத்தவர். அண்ணை நாக்கிலை வைச்ச நேரம் சுவிசிலை இருந்து அவர் போட்ட சத்தம்! பிறகு சிரிச்சுப்போட்டு, 'அந்த மனிசனுக்கு நடிக்கத் தெரியாதப்பா, பிள்ளையளை விடு' எண்டார். எனக்கும் ரெண்டு கிழமை பஸ்ஸுக்கு நிண்டு நாரியும் இடுப்பும் போச்சு, அக்கா. சின்னவள் பள்ளிக்கூடத்துக்கு மூண்டு நாள் பிந்திப் போனவள்."

"உம்மடை ஆள் அங்கை சமைக்கிறேல்லையோ?" என்று கேட்டா மனைவி.

"சமைக்காமல்? தனிய இருக்கிற ஆள், வேறை ஆர் சமைக்கிறது? ஆனால் அதை வெளியிலை சொல்லப்படாதெண்டு எனக்குச் சத்தியம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் உள்ளே தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன், மூன்று பேருக்கு.

திங்கட்கிழமை ஓட்டோவில் ஆறு பிள்ளைகள் போனார்கள். மற்றத் தாய்மார் ஒருவரும் நிறுத்தவில்லை. நான் கண்ட லொறி வரவில்லை. அதற்குப் பதிலாக இப்போது, சின்னவள் ஓட்டோவுக்குள் எழும்பி நிற்கிறாளாம் என்ற கவலை இருக்கிறது; அது சின்னக் கவலை, என்னால் சமாளிக்கலாம். வீடியோ இன்னும் இருக்கிறது. கிழமைக்கு ஒன்றிரண்டு பேர் புதிதாய் வந்து கீழே எழுதுகிறார்கள். கத்தரிக்காய் வதங்குகிற நேரத்தில் வாசிக்கிறேன். திட்டினாலும் இப்போது பருப்பு அடிப்பிடிப்பதில்லை.

பாதி மாதத்தில் பிள்ளைகளை நிறுத்தினபோது, அதுவரை ஓடின இரண்டு கிழமைக் காசைத் தங்கச்சி தரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஐயாயிரம். போன கிழமை இரண்டாயிரத்தைக் கொண்டுவந்து தந்தா. மிச்சத்தைக் கேட்பமோ என்று மனைவியிடம் கேட்டேன். "பேசாமல் இருங்கோ, அவ தருவா," என்றா. நான் பேசாமல் இருக்கிறேன். இன்னும் வரவேண்டியது மூவாயிரம் ரூபா.